கரண்ட் போய் வந்தால் ஃபயர்வால் விதிகள் காணாமல் போன கதைகள்

ஹட்டன்காரன்:
மே, ஜூன் மழைக்கு எங்கள் பக்கம் கரண்ட் படும் பாடு தெரியும்தானே. டவுனில் ஒரு டியூட்டரி. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, அதன் வழியாகத்தான் எல்லா மெஷினுக்கும் நெட். கரண்ட் போய் வந்ததும் ஒன்றிலும் நெட் இல்லை. கேபிள், ரவுட்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஃபயர்வால் விதிகளை வைக்கும் ஐபிடேபிள்ஸின் பட்டியலை எடுத்தால் ஒரு விதிகூட இல்லை. முன்பு செட் பண்ணியவர் கமாண்டில் அடித்ததோடு போய்விட்டார். அவை கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகத்தில் மட்டும் இருந்தவை, மெஷின் அணைந்தால் போய்விடும். எல்லா மெஷினையும் ஒரே முகவரியில் நெட்டுக்கு அனுப்பும் மாஸ்கரேட் விதியும் சேர்ந்து போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. தனி சர்வராக இருந்திருந்தால் போர்ட் எல்லாம் திறந்து கிடக்க, வேலை வழக்கம்போல ஓடியிருக்கும்.

ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டன்ட் பேக்கேஜ் போட்டு, நெட்ஃபில்டர்-பெர்சிஸ்டன்ட் சேவ் என்று அடித்தேன். ரூல்ஸ்.வி4, ரூல்ஸ்.வி6 என்று இரண்டு கோப்பில் எழுதிவிடும். மற்ற மெஷின்களின் டிராஃபிக்கைக் கடத்த வைக்கும் ஐபி ஃபார்வர்டை சிஸ்சிடிஎல் (sysctl) கோப்பில் தனியாக எழுத வேண்டும்.

பண்டாரவளை வாசி:
அண்ணே, கையாலேயே சேவ் பண்ணுபவர்களுக்கு ஒன்று. சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கமாண்ட்) போட்டு ஐபிடேபிள்ஸ்-சேவ் அடித்து, வருவதை நேரே கோப்புக்குத் திருப்பினால் பெர்மிஷன் டினைட். சூடோ அந்தக் கமாண்டுக்கு மட்டும்தான், கோப்பைத் திறப்பது நம் சாதாரண ஷெல். பைப் போட்டு சூடோ டீ (tee, வருவதைக் கோப்பில் எழுதும் கமாண்ட்) கொடுங்கள்.

அப்புறம், அந்த நிமிஷம் இருப்பது எல்லாமே சேவ் ஆகும். எங்கள் மெஷினில் ஃபெயில்டுபான் (தப்பான லாகின் முயற்சிகளைப் பார்த்துத் தடுக்கும் மென்பொருள்) தற்காலிகமாகத் தடுத்த முகவரிகளும் கோப்பில் ஏறி, பூட் ஆகும்போதெல்லாம் திரும்பி வந்தன. கோப்பில் எஃப்2பி என்று அது போட்ட வரிகளை அழித்த பிறகுதான் சரி வந்தது.

நுவரெலியா தம்பி:
எங்களுக்கு நேர்மாறு. என்னோடு வேலை செய்யும் அக்கா, கண்டியில் இருந்து ராகலை சர்வருக்கு எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வரை இயக்கும் வழி) வழியாகப் புது விதி போட்டார். இன்புட் பாலிசியை டிராப் (விதி இல்லாத உள்வரவை எல்லாம் தடுப்பது) ஆக்கியதும் இணைப்பு அறுந்தது. நல்ல காலம், சேவ் பண்ணியிருக்கவில்லை. அங்கிருந்த வாட்ச்சர் ஐயாவுக்குப் போன் போட்டு சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னோம், பழைய விதிகளோடு எழும்பிவிட்டது. இப்போது அக்கா ஐபிடேபிள்ஸ்-அப்ளை இல்லாமல் தொடுவதே இல்லை. விதிகளை ஏற்றிவிட்டு சரியா என்று கேட்கும், 10 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழையதற்கே திரும்பும்.

ஹட்டன்காரன்:
அது நல்லது தம்பி. டெபியன் 10 முதல் ஐபிடேபிள்ஸுக்கு அடியில் ஓடுவது அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸ். நேரடியாக அதையே பாவிப்பவர்கள் என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் கமாண்ட் தருவதை என்எஃப்டேபிள்ஸ்.கான்ஃப் கோப்பில் போட்டு, முதல் வரியில் பழைய விதிகளை அழிக்கும் ஃப்ளஷ் ரூல்செட் எழுதுங்கள். சர்வீஸையும் எனேபிள் பண்ணுங்கள், டெபியனில் அது தானாக ஓடாது.