மீன்குளப் பம்பின் அதிர்வு: தனிமையா, காப்பா, துண்டிப்பா?

ஜெயநகரிலிருந்து:

பெங்களூர் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். தோட்டத்தில் மீன்குளம் வைத்திருப்போருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் பிளம்பர்களுக்கும் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. பம்பை எங்கே, எப்படி வைத்தால் அதன் அதிர்வு மீனுக்குப் போகாது என்ற பக்கத்தில் ஒரு சொல் இடறுகிறது. பொறியாளர்கள் வைப்ரேஷன் ஐசொலேஷன் என்பார்கள். நேராகப் பெயர்த்தால் 'அதிர்வுத் தனிமைப்படுத்தல்'. ஆனால் அதே கையேட்டில், கடையிலிருந்து வந்த புது மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைப்பதற்கும் 'தனிமைப்படுத்தல்' என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த பக்கம். படிப்பவர் பம்பைக் கொண்டுபோய்த் தனித்தொட்டியில் வைத்துவிட்டு வரக்கூடும்.

இரண்டு சொல் வேண்டும். ஒன்று செயலுக்கு. மற்றொன்று பம்புக்கு அடியில் வைக்கிற ரப்பர் துண்டுக்கு. கடையில் அதைப் பேடு, புஷ், மௌண்ட் என்று ஆளுக்கொரு பெயரில் கேட்கிறார்கள்.

அல்சூரிலிருந்து:

'அதிர்வுக்காப்பு' போதுமே! மின்காப்பு, வெப்பக்காப்பு எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. மீனைக் காக்கிறது என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. ரப்பர் துண்டுக்கு 'அதிர்வுதாங்கி' வைக்கலாம். இடிதாங்கி, சுமைதாங்கி என்று அழகான வரிசை ஏற்கெனவே இருக்கும்போது புதிதாகத் தேடுவானேன்.

மல்லேசுவரத்திலிருந்து:

> மின்காப்பு, வெப்பக்காப்பு

இந்த வரிசைதான் பயமாக இருக்கிறது, அல்சூர் ஐயா. காப்பு என்றதும் கனம் கூடினால் காப்பும் கூடும் என்று மனம் போய்விடும். வெப்பத்துக்கு அது சரி. அதிர்வில் அப்படி நம்பித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். தடிமனான ரப்பர் பாயை அகலமாக விரித்து அதன்மேல் பம்பை உட்கார வைக்கிறார்கள். ஒரு பயனும் இல்லை.

ரப்பர் எவ்வளவு கனம் என்பதல்ல, பாரம் ஏறியதும் எவ்வளவு அமுங்குகிறது என்பதே கணக்கு. 1 மி.மீ. அமுங்கினால் அந்த அமைப்பின் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், சுமார் 16 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 16 ஆட்டம்). நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண இருமுனை மோட்டார் நிமிடத்துக்கு 2,800 முதல் 2,900 சுற்று ஓடும், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 48. பதினாறுக்கு நாற்பத்தெட்டு மூன்று மடங்கு. மூன்று மடங்கு இடைவெளி கிடைத்தால் தரைக்கு இறங்கும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். 1.4 மடங்குக்குக் கீழே போனால் ரப்பர் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். அமுங்கல் வெறும் 0.1 மி.மீ. என்றால் இயல் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகமும் ஏறத்தாழ அதுவே என்பதால் ஒத்ததிர்வு வந்துவிடும். ரப்பரே வைக்காமல் இருந்திருக்கலாம்.

எனவே செய்ய வேண்டியது: 45 × 30 செ.மீ., 4 செ.மீ. கனமுள்ள கடப்பா கல் ஒன்று. எடை 14, 15 கிலோ வரும். 12 கிலோ பம்பை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கல்லுக்கு அடியில் நான்கு மூலையிலும் மெத்தென்ற ரப்பர், கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 40, 3 செ.மீ. சதுரம், 25 மி.மீ. உயரம். நான்கே துண்டு. மொத்த பாரம் 27 கிலோ அந்தச் சிறிய பரப்பில் இறங்குவதால் ஏறக்குறைய 1 மி.மீ. அமுங்கும். கல்லை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ரப்பரின் உயரத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். அமுங்கவில்லை என்றால் துண்டைச் சிறிதாக்க வேண்டும், பெரிதாக்கக் கூடாது. பம்பு ஒரு ஓரமாக இருந்தால் அந்தப் பக்கத்துத் துண்டு கூடுதலாக அமுங்கிக் கல் சாயும். பம்பை நகர்த்திச் சமன் செய்யுங்கள்.

ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடைகளில் எஞ்சின் மௌண்ட் வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. நூறு கிலோவுக்கு மேல் தாங்கச் செய்த பொருள் அது, 12 கிலோவுக்கு அசைந்துகூடக் கொடுக்காது.

'தாங்கி' பற்றியும் ஒன்று. பம்புக்குள் பேரிங் இருக்கிறது, பாடநூலில் அதற்குப் பெயர் தாங்கி. பம்பு கரகரவென்று சத்தம் போட்டால் 'தாங்கியை மாற்றுங்கள்' என்று எழுதுவோம். எந்தத் தாங்கி என்று பிளம்பர் கேட்பார்.

அல்சூரிலிருந்து:

சரி, தாங்கியை விட்டுக்கொடுக்கிறேன். 'அதிர்வுண்ணி'?

ஹெப்பாளிலிருந்து:

மீன் வளர்ப்பவரிடம் உண்ணி என்ற சொல்லை எடுக்காதீர்கள். செதிலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் பூச்சிதான் ஞாபகம் வரும். மருந்து எங்கே என்று ஓடுவார்.

சொல் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிய, மீனுக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று முதலில் பார்க்கலாம். கோய், தங்கமீன் இரண்டும் கெண்டை இனம். இந்த இனத்தில் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவே சங்கிலிபோலச் சிறு எலும்புகள் உண்டு. எர்ன்ஸ்ட் வெபர் 1820இல் விவரித்ததால் வெபர் எலும்புகள் என்கிறோம். நீரில் வரும் ஒலி காற்றுப்பையை அசைக்க, அந்த அசைவை இவை காதுக்குக் கடத்தும். அதனால் திலேப்பியாவைவிடத் தங்கமீனுக்குக் காது கூர்மை. சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்கும். மோட்டாரின் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமும், பம்புக்குள் நீரைத் தள்ளும் ஆறு இதழ் சக்கரம் சுற்றும்போது எழும் சுமார் 290 ஹெர்ட்ஸும் அந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்கும். இது தவிர விலாவில் பக்கக்கோடு இருக்கிறது. அது மிகத் தாழ்ந்த அதிர்வை, கிட்டத்தில் மட்டும் உணரும். உடல் நீளத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு தூரம்தான் அதன் எல்லை. குளத்துக்குள்ளேயே பம்பு வைப்பவர்கள் மீன் ஒளியும் இடத்தையும் தீனி போடும் மூலையையும் பம்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டியது இதனால்தான்.

நம் காதை நம்பிப் பயனில்லை. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். வெளியே இருக்கும் பம்பைப் பெட்டி போட்டு மூடினால் பக்கத்து வீட்டாருக்கு நிம்மதி; மீனுக்கு ஒரு மாற்றமும் இல்லை. மீனுக்குப் போவது கல், குழாய், நீர் வழியாக.

ஒரு எச்சரிக்கை. மீன் மூலையில் ஒதுங்குகிறது, தீனி எடுக்கவில்லை, உடம்பை உரசுகிறது என்றதும் பம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள், பிறகு ஒட்டுண்ணி. பம்பை அரை மணி நேரம் நிறுத்தியதும் மீன் பரவலாக நீந்தி, ஓட்டியதும் மறுபடி ஒதுங்கினால் மட்டுமே சந்தேகம் பம்பின்மேல் போகட்டும்.

வைட்ஃபீல்டிலிருந்து:

> கல், குழாய், நீர் வழியாக

இங்கேயே சொல் கிடைத்துவிட்டது, ஹெப்பாள் அம்மா. வழி மூன்று, மூன்றையும் துண்டிக்க வேண்டும். 'அதிர்வுத் துண்டிப்பு'. மின் துண்டிப்பு என்றால் எல்லோருக்கும் புரிகிறதே, கம்பியில் போனதைப் போகவிடாமல் செய்வது. 'பம்பிலிருந்து குளத்துக்கு அதிர்வு போகும் வழியைத் துண்டி' என்று வினையாகவும் எழுதலாம். காப்பை அப்படி வினையாக்கினால் அதிர்வையே காப்பதாகிவிடும்.

கல் வழியை மல்லேசுவரம் சார் முடித்துவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பம்பு மேடையைக் குளத்துச் சுவரோடு சேர்த்துக் காங்கிரீட் போடாதீர்கள். நடுவே ஒரு சாண் மண் இருக்கட்டும்.

குழாய் வழியில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது. அடியில் அழகாக ரப்பர் வைத்துவிட்டு, பம்பின் இரண்டு வாயிலும் கெட்டிப் பி.வி.சி. குழாயை ஒட்டிச் சுவரில் கிளிப் அடித்துவிடுவார்கள். ரப்பர் அசைய விட்டாலும் குழாய் விடாது. இரண்டு பக்கமும் 50, 60 செ.மீ. நெகிழ்குழாய் வேண்டும், இழுத்துப் பிடிக்காமல் லேசாக வளைந்து தொங்கும்படி. உறிஞ்சும் பக்கத்துக்குச் சுருள்கம்பி வைத்த ஹோஸ். சாதாரண ஹோஸ் உள்ளே சப்பிக்கொள்ளும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு சைஸ் பெரிய குழாயை உறையாகப் போட்டு, இடைவெளியைச் சிலிக்கோனால் அடைக்கலாம். சிமெண்ட் பூசினால் பழைய கதைதான்.

மூன்றாவது, நீர். குழாய் எவ்வளவு நெகிழ்ந்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் துடிப்பைச் சுமந்துகொண்டு போகும். திரும்பும் தண்ணீரை நேராகக் குளத்துக்குள் விடாமல் வடிகட்டித் தொட்டியிலோ சிறு அருவியிலோ விழவிட்டால் நடுவில் காற்று வந்து அந்த வழி அறுந்துவிடும். உறிஞ்சும் பக்கம், குளத்திலிருந்து 110 மி.மீ. குழாயில் தானாக வழிந்து வரும் தனிக்குழி ஒன்று கட்டி, பம்பை அந்தக் குழியிலிருந்து இழுக்கச் செய்வது நல்லது. சப்மெர்சிபிள் பம்பு வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி: குளத்தின் நடுவிலிருந்து எடுத்துக் குழியில் போடுங்கள். நீருக்குள் அதன் எடை குறைந்துவிடுவதால் அடியில் ரப்பர் வைத்தாலும் அமுங்காது. முரட்டு வடிகட்டிப் பஞ்சின்மேல் உட்கார வையுங்கள். மின்கம்பியில் கட்டித் தொங்கவிடவே கூடாது. மின்கசிவு கண்டதும் இணைப்பை அறுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் குளத்துப் பக்கம் பம்பே வேண்டாம்.

மல்லேசுவரத்திலிருந்து:

துண்டிப்பை ஏற்கிறேன், ஒரு முணுமுணுப்போடு. துண்டிப்பு என்றால் முழுதாக அறுந்ததாகப் பொருள் படும். நமக்கு எட்டில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ஆனால் மிஞ்சுவதைக் குறிக்க 'தணிப்பு' என்று மாற்றிவிடக் கூடாது. தணிப்பு டேம்பிங்குக்கு உரியது. தணிப்பு அதிர்வின் ஆற்றலை உள்ளேயே சூடாக்கித் தீர்க்கும். துண்டிப்பு அதை அடுத்த பொருளுக்குப் போகவிடாது. இரண்டையும் குழப்பினால் பிசுபிசுப்பான தார் ஷீட்டை வாங்கி அடியில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

வைட்ஃபீல்டு சொன்ன உறிஞ்சும் குழாய்க்கு அளவு தருகிறேன். 6,000 லிட்டர் குளத்தை மணிக்கு ஒரு தடவை சுற்ற வைத்தால் வினாடிக்கு 1.67 லிட்டர். 40 மி.மீ. உள்விட்டத்தில் வேகம் வினாடிக்கு 1.3 மீட்டர், 50 மி.மீ. என்றால் 0.85. ஒரு மீட்டருக்குக் கீழே இருப்பது நல்லது, ஆகவே 50. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் தூக்கித் தரும் நீரின் உயரம் சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குறைவு. பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. தண்ணீரைக் குறைக்க வால்வைத் திருகுவதானால் வெளியேற்றும் பக்கம் மட்டும். உறிஞ்சும் பக்கம் திருகினால் உள்ளே நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடையும், கூழாங்கல் உருளுவதுபோலச் சத்தம் வரும். எந்த ரப்பராலும் அதை நிறுத்த முடியாது. (கேவிடேஷனுக்குச் சொல் தனி மடலில் பேசுவோம், இங்கே தொடங்கினால் முடியாது.)

போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சக்கரத்தில் உப்புப் படிந்து ஒரு பக்கம் கனத்துப்போனால் அதுவே புது அதிர்வு. கழற்றி அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள்.

ஜெயநகரிலிருந்து:

செயலுக்கு 'அதிர்வுத் துண்டிப்பு' உறுதி. ரப்பர் துண்டு இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. வைட்ஃபீல்டு மடலில் 'நெகிழ்குழாய்' என்று போகிற போக்கில் வந்ததே, அதற்கு இணையாக 'நெகிழ்கால்' என்றால்? பம்புக்கு நாலு கால்; நெகிழும் கால். நெகிழாவிட்டால் பயனில்லை என்ற மல்லேசுவரத்தின் வாதமும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

அல்சூரிலிருந்து:

நெகிழ்கால். பிளம்பரிடம் சொல்லிப் பார்த்தேன், வாயில் தடுக்கவில்லை. காப்பை வாபஸ் வாங்குகிறேன்.

ஹெப்பாளிலிருந்து:

நெகிழ்காலுக்கு என் வாக்கும். இன்னொரு சொல்லுக்கும் இடம் விடுங்கள். பம்பு சீராக ஓடும் ரீங்காரத்துக்கு மீன் பெரும்பாலும் பழகிவிடும். தங்கமீனை வைத்து 2004இல் வெளிவந்த ஆய்வில், பலத்த இரைச்சல் தொடங்கிய சில நிமிடங்களில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி, பிறகு இறங்கிவிட்டது. கேள்திறன் குறைந்தது மட்டும் நெடுநாள் நீடித்தது; பழகிவிட்டது என்பதால் கேடில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழகவே பழகாதது, மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வரும் குலுக்கல். மீன் வில்லாய் வளைந்து பாயும், சில சமயம் குளத்துக்கு வெளியேயே விழும். இதற்கு 'தொடக்க அதிர்வு' என்று எழுதினால் ரீங்காரத்தோடு கலந்துவிடும். பேச்சில் 'மோட்டார் உதறுது' என்கிறோமே, 'தொடக்க உதறல்' என்றே வைத்துவிடலாம்.

டைமர் வைத்து மணிக்கொரு தடவை பம்பை நிறுத்தி ஓட்டுவது மின்சாரம் மிச்சப்படுத்த. மீனுக்கு அது ஒரு நாளில் இருபத்து நாலு உதறல். தொடர்ந்து ஓட விடுங்கள். ஏப்ரல், மே இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் வாரங்களில், கரண்ட் வந்தபின் இரண்டு மூன்று நிமிடம் தாமதித்து ஓட்டும் ரிலே ஒன்று போட்டால் அடுத்தடுத்து உதறாது.

வைட்ஃபீல்டிலிருந்து:

உதறலுக்கு வாக்கு. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒருதிசை வால்வு வைத்திருப்பவர்கள் கவனிக்க: பம்பு நிற்கும்போது அது பட்டென்று மூடும் அடியும் குழாய் வழியே போகும். சுருள்வில் வைத்த வகை தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிவிடுவதால் அடி குறையும்.

சோதிக்க ஒரு எளிய வழியைக் கையேட்டில் சேர்க்கலாம். 20 மி.மீ. பி.வி.சி. குழாயின் ஒரு முனையை மூடியால் ஒட்டி அடைத்து, அந்த முனையை நீருக்குள் இறக்கி மறு முனையில் காதை வையுங்கள். நெகிழ்கால் வைப்பதற்கு முன்னும் பின்னும் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

ஜெயநகரிலிருந்து:

கையேட்டில் போகும் வரிகள் இவை, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

'பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே, குளத்துச் சுவரைத் தொடாத தனி மேடையில், கடப்பா கல்மேல் வைக்கவும். கல்லுக்கு நான்கு நெகிழ்கால். ஒவ்வொன்றும் 1 மி.மீ. அமுங்க வேண்டும். குழாய்க்கு இரு பக்கமும் நெகிழ்குழாய். தண்ணீர் குளத்துக்குள் அருவியாக விழட்டும். இந்த மூன்றும் சேர்ந்ததே அதிர்வுத் துண்டிப்பு. தொடக்க உதறலைத் தவிர்க்க பம்பை நிறுத்தாமல் ஓட்டவும்.'

மல்லேசுவரத்திலிருந்து:

'1 மி.மீ. அமுங்க வேண்டும்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். 'மேடையைச் சுற்றி வடிகால் வைக்கவும்' என்றும் ஒரு வரி. ஹோஸ் கழன்றால் மோட்டார் முழுகிவிடும்.