காசு கொடுத்துப் பேசினால் மனச்சோர்வு போகுமா?

பனியன்நகரான்:
வயது 34, திருப்பூரில் கணக்கு வேலை. மூன்று மாதமாக எதிலும் பிடிப்பில்லை. அழுகை வருகிறதா என்றால் அதுவும் இல்லை, ஒரே மந்தம். அதிகாலை மூன்றரைக்கு முழிப்பு தட்டிவிடும், அப்புறம் விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். நேற்று டீ ஆடை கட்டிப்போகும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மனைவி வந்து வாங்கி வைத்தாள். 4 கிலோ இறங்கிவிட்டேன். அம்மா மந்திரித்த கயிறு கட்டினார், சரி என்று கட்டிக்கொண்டேன். நண்பன் கவுன்சலிங் போடா என்கிறான். அவனிடமே தினமும் புலம்புகிறேனே, அதையே தெரியாத ஆளிடம் போய்க் காசு கொடுத்துப் புலம்ப வேண்டுமா? உள்ளே என்னதான் நடக்கும்?

சும்மாஇரு:
எல்லாம் வெட்டியாக யோசிப்பதால் வருவது. ஜிம்முக்குப் போங்க ப்ரோ.

கீழவாசல்:
மேலே இருப்பவரைக் கண்டுகொள்ளாதீங்க. டம்ளரைக் கீழே வைக்கவே தெம்பில்லாதவர் ஜிம்முக்கு எங்கே போவார்?

நான் போனேன் அண்ணா. முதல் நாள் ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார்கள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் எதிலும் ஆர்வமில்லை என்று, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். எனக்கு 27க்கு 17 வந்தது, மார்க் கூடினால் சோர்வும் கூடுதல் என்று அர்த்தம். அட்வைஸ் மழை பொழிவார் என்று நினைத்துப் போனால், அந்தம்மா அட்வைஸே பண்ணவில்லை. ஒரு வாரம் மணிக்கு மணி என்ன செய்தேன் என்று எழுதி வரச் சொன்னார். அடுத்த வாரம், சாயங்காலம் பூக்கடைவரை நடந்துவிட்டு வா, மனசு வரும்வரை காத்திருக்காதே என்றார். இதற்கா முக்கால் மணி நேரம் என்று கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தே நான் ஒரு வருஷத்தைத் தொலைத்திருந்தேன்.

பிறகுதான் யோசனைகளுக்கு வந்தார். பாப்பா டைரியில் கையெழுத்துப் போட மறந்துவிட்டேன், நான் ஒரு அம்மாவா என்று அழுதேன். நான் மோசமான அம்மா என்பதற்கு ஆதாரம் ஒரு பக்கம், எதிர் ஆதாரம் மறுபக்கம் எழுதச் சொன்னார். எதிர்ப்பக்கம் இடம் பத்தவில்லை. இப்படி யோசனையையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையை சி.பி.டி. என்கிறார்கள், 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது. நண்பன் உங்களைச் சமாதானப்படுத்துவான், இப்படி வீட்டுப்பாடம் கொடுத்து அடுத்த வாரம் நோட்டை வாங்கிப் பார்க்க மாட்டான். எனக்கு 14 தடவை ஆனது, முதல் மூன்றில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இவருக்கு முன்னால் பார்த்த ஆள் முழு நேரமும் தன் கதையைச் சொன்னார், இரண்டாவது தடவையோடு நிறுத்திவிட்டேன். சரிப்படவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், தப்பே இல்லை.

வார்டுநர்ஸ்:
தம்பி, மூன்று மாதம், எடை இறக்கம், விடியற்காலை முழிப்பு, இதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியது. முதலில் தைராய்டும் ரத்தமும் டெஸ்ட் எடுங்கள், அதில் கோளாறு இருந்தாலும் இதே மாதிரி இருக்கும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், செலவில்லை. மாத்திரை கொடுத்தால் பயப்படாதீர்கள், வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சு சிகிச்சைதான் அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், இப்போது யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று எழுதிக்கொள்கிறார்கள். நேரடியாகவே கேட்கிறேன், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் மனைவியை எழுப்புங்கள், 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

பனியன்நகரான்:
சாக வேண்டும் என்றில்லை அக்கா, எழுந்திருக்காமலே இருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போகணுமா?

வார்டுநர்ஸ்:
தைராய்டுக்கு மட்டுமென்றால் தேவையில்லை, சுகரும் பார்ப்பார்கள், அதனால் சாப்பிடாமலே போங்கள். எழுந்திருக்காமலே இருந்தால் தேவலை என்று இங்கே எழுதியதை டாக்டரிடமும் அப்படியே சொல்லுங்கள். இன்று ராத்திரி மனைவியிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.