லெந்துக்கு டீயை விட்டேன், போனை விடவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

தாமிரபரணிக்காரன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

இந்த வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில், டீ குடிப்பதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவன் நான். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆபீசில் எல்லாரும் கீழே டீக்கடைக்கு இறங்கும்போது நானும் கூடவே போய், தண்ணீர் பாட்டிலோடு நிற்பேன். யாராவது ஏன் என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பதினேழாவது நாள் ராத்திரி. பக்கவாட்டில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணையில் அழுந்தி அழுந்திக் காது வலிக்கிறது, ஆனாலும் புரண்டு படுக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் மரவள்ளிக்கிழங்கை எண்ணெயில் போடுகிறார், பொரிந்து வருவதற்குள் தள்ளிவிட்டேன். ஒரு குழந்தை சிரிக்க ஆரம்பிக்கிறது, அதையும் தள்ளிவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பையன் வாசலில் நின்று, "என்னப்பா பாக்குறீங்க?" என்றான். மணி 1:40. நான் படுத்தது பதினொன்றுக்கு. அவனிடம் சொல்ல ஒன்றாவது ஞாபகம் வர வேண்டுமே, வரவில்லை. "சும்மாடா" என்றேன்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவன். அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 'அடுத்தது' என்று ஒரு பட்டன் இருக்கும். அங்கே கை ஒரு நொடி நிற்கும், போதுமா என்று மனசு கேட்டுக்கொள்ள அந்த ஒரு நொடி போதும். 2006-ல் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு, முடிவே இல்லாமல் நீளும் திரையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். நெட்ஃபிளிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல், தங்களுக்குப் போட்டியே மனிதர்களின் தூக்கம்தான் என்று சொன்னார். இதெல்லாம் தெரிந்தும் நான் 1:40 வரை விழித்திருந்தேன்.

மறுநாள் காலை தியானத்தில் தற்செயலாக பைபிளில் எண்ணாகமம் 11. எகிப்திலிருந்து கிளம்பி வனாந்தரத்தில் இருக்கும் இஸ்ரவேல் ஜனங்களுக்கு, கடவுள் தினமும் தரும் மன்னா என்ற உணவு அலுத்துவிட்டது. எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள், இறைச்சி வேண்டும் என்கிறார்கள். கடவுள் மறுக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு மாசம் முழுக்கத் தருகிறேன், மூக்கு வழியாக வந்து தெவிட்டும்வரைக்கும் சாப்பிடுங்கள் என்கிறார். காடை வந்து விழுகிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் ஒரு வரியை நான் கவனித்ததே இல்லை. அன்று பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, மறுநாள் பகலும் காடை பொறுக்கினார்களாம். ராத்திரி முழுக்க! பசித்தவன் நாலு காடையைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்திருப்பான். இவர்கள் பொறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எங்கள் சபையில் சினிமா பாவம், சீட்டு பாவம், சிகரெட் பாவம் என்று ஒரு பட்டியல் இருந்தது. ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் காடை பொறுக்குவது அந்தப் பட்டியலில் கிடையாது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சீயோன் மைந்தன்

பிரசங்கி 2-ஆம் அதிகாரம். ஆமென்.

தாமிரபரணிக்காரன்

பிரதர், இப்போதுதானே சொன்னேன்! அனுபவம் எழுதுங்க.

சீயோன் மைந்தன்

சாலொமோன் ராஜாவின் அனுபவம்தான் பிரதர் அது. சிரிப்பு, மதுபானம், வீடு, தோட்டம், குளம், பாடகர்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்துப் பார்த்துவிட்டு மாயை என்கிறார்.

முத்துநகர் நர்ஸ்

அண்ணா, அந்த அதிகாரத்தின் கடைசியையும் படிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு, குடித்து, பட்ட பாட்டின் பலனை அனுபவிப்பது நல்லது, அதுவும் தேவனுடைய கையிலிருந்து வருவதுதான் என்று அதே சாலொமோன் சொல்கிறார். பாதியோடு நிறுத்தினால் எப்படி?

சரி, என் கதை. நான் கத்தோலிக்கப் பெண், தூத்துக்குடி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. எனக்கு ரீல்ஸ் பிரச்சினை இல்லை, பார்சல்தான். ராத்திரி மூன்று மணிக்கு வார்டு அடங்கியதும் போனில் சேலை பார்ப்பேன், ஆர்டர் போடுவேன். அது வந்து சேரும் வரைக்கும் ஒரு குறுகுறுப்பு. 'உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது' என்ற மெசேஜ் வந்தால் அந்த ஷிஃப்ட் ஓடிவிடும். தவக்காலம் தொடங்கிய அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால், பிரிக்காத பார்சல் மூன்று. ஒன்றில் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அதே வாரம் வார்டில் ஒரு பெரியவர். வயிற்றில் ஆபரேஷன் ஆகி நாலு நாள் வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை, டிரிப்ஸ் மட்டும். உதடு வெடித்துப்போயிருந்தது. ஐந்தாம் நாள் டாக்டர் தண்ணீர் கொடுக்கலாம் என்றார். முதல் ஸ்பூனை நான்தான் ஊட்டினேன். உடனே விழுங்கவில்லை. கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகக் கொண்டுபோய், கண்ணை மூடி, அப்புறம் விழுங்கினார். "முருகா" என்றார். இரண்டாவது ஸ்பூனுக்கு வாய் திறக்கவே இல்லை, "இரும்மா" என்று கையைக் காட்டினார். முதல் ஸ்பூன் இன்னும் முடியவில்லை அவருக்கு.

சின்ன வயதில் சிறுமலர்கள் குழுவில் "ஆண்டவர் எவ்வளவு இனியவர் என்று சுவைத்துப் பாருங்கள்" என்று பாடியிருக்கிறோம். சுவைப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் முருக பக்தர். இதை எங்கள் ஃபாதரிடம் சொன்னேன், சிரித்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி பழைய பட்டியலைக் கேலி செய்வதுபோல் எழுதியிருப்பதால் நானும் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் தகப்பனார் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு பைசாவுக்கு எதுவும் வாங்கக்கூடாது. சட்டையைச் சனிக்கிழமையே இஸ்திரி போட்டுவிட வேண்டும். பதினான்கு வயதில் ஒளிந்து போய் ஒரு எம்.ஜி.ஆர். படம் பார்த்தேன், புளியம் விளாறு முறிகிற அளவுக்கு அடி விழுந்தது. அப்புறம் நான் தியேட்டர் பக்கமே போனதில்லை. ஆனால் அந்த ஞாயிறு மத்தியானங்கள் இருக்கிறதே, ஒன்றும் செய்யக் கிடையாது, வேப்பமரத்தடியில் நார்க்கட்டில், தூரத்தில் யாரோ கீர்த்தனை முணுமுணுப்பது கேட்கும். அந்தச் சுகத்தை இன்றைக்கு எத்தனை ரூபாய் கொடுத்து வாங்குவீர்கள்? அந்தக் கட்டுப்பாடு அப்படி ஒன்றும் முட்டாள்தனம் இல்லை தம்பி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர்டு ஆனபிறகு மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். நான் சினிமா பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் ஒரு ஊழியக்காரரை இன்னொரு ஊழியக்காரர் தோலுரிக்கிற வீடியோ. கள்ள உபதேசம், காணிக்கைக் கணக்கு, அவர் ஏறுகிற கார். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். பார்த்துவிட்டு ரத்தம் கொதிக்கும், அடுத்ததைப் போடுவேன். கோபப்படுவதில் ஒரு ருசி இருக்கிறது. நான் யோக்கியன் என்று உள்ளே ஒருத்தன் மீசையை முறுக்கிக்கொள்வான்.

போன மாதம் ஆலயத்தில் கெட்ட குமாரன் கதை வாசித்தார்கள். இளையவன் சொத்தை அழித்துவிட்டு வருகிறான், வீட்டில் ஆட்டம் பாட்டம். மூத்தவன் வெளியே நின்று, என் சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்று கேட்கிறான். முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். எப்போதும் இளையவனை வைத்தே பாடம் நடத்தினேன். அன்றைக்கு என்னவோ, மூத்தவன் முறை வரும்போது தொண்டை அடைத்தது.

ரம்மியை விட்டவன்

ஐயா எழுதியதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். வயது 27. ஆன்லைன் ரம்மியில் 3 லட்சத்து 80 ஆயிரம் போனது. அதில் அக்கா நகையை அடகு வைத்த பணமும் உண்டு.

தோற்ற நாளைவிட ஜெயித்த நாள்தான் மோசம். ஒரு ராத்திரி 22,000 ஜெயித்தேன். எழுந்து ஒரு சாயா குடிக்கக்கூடத் தோன்றவில்லை. சந்தோஷமே இல்லை அண்ணா, சத்தியமாக. அடுத்த சீட்டு எப்போது போடுவான் என்பதுதான். அப்புறம் பார்த்த கவுன்சிலர் ஒரு விஷயம் சொன்னார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆராய்ச்சியாளர், மூளையில் 'வேண்டும்' என்கிற இடமும் 'பிடித்திருக்கிறது' என்கிற இடமும் வேறு வேறு என்று காட்டியிருக்கிறாராம். ஒன்று ஏறிக்கொண்டே போகும்போது மற்றது அப்படியே கிடக்கலாம். எனக்கு நடந்தது அதுதான். பிடிக்காத ஒன்றைப் பைத்தியமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

2025-ல் தமிழ்நாடு அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை போட்டது. நான் 11:50 வரைக்கும் ஆடிவிட்டு 5 மணிக்கு அலாரம் வைத்தேன். அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ஆப் போனது, நான் பங்குச்சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்குக்குப் போனேன். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங்கில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-ல் சொல்லியிருக்கிறது, அதையும் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். மிச்சம் 7 சதவீதத்தில் நான் இருக்கிறேனாம்.

சபை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் போன இடத்தில் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, ஆயிரம் ரூபாய் காணிக்கையாக விதைத்தால் நூறு மடங்காய்த் திரும்பும் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த ஆட்டத்தை விடத்தானே அங்கே போனேன். இரண்டாவது இடம் சின்ன வீட்டு ஜெபக்கூட்டம். அங்கே எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஒரு மாமா எதுவும் போதிக்கவில்லை. "சம்பளம் வந்ததும் என்கிட்ட குடு, நான் கணக்கு எழுதி வாரா வாரம் தரேன்" என்றார். தினமும் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணுவார். "சாப்டியா, படுத்தியா" என்பார், அவ்வளவுதான். இன்றோடு 61 நாள்.

குறள் வாசகன்

நான் கிறிஸ்தவன் இல்லை. நல்ல பதிவுகள், ஆனால் ஒரு கேள்வி. ஆசையே துன்பத்துக்கு வேர் என்று வள்ளுவர் 'அவாவறுத்தல்' என்று ஒரு அதிகாரமே எழுதிவிட்டார். புத்தரும் சொன்னார். இதில் கிறிஸ்தவம் தனியாக என்ன சொல்கிறது?

தாமிரபரணிக்காரன்

நல்ல கேள்வி. நான் இறையியல் படித்தவன் இல்லை, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஆசையை அறு என்று இயேசு சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. யோவான் சுவிசேஷப்படி அவர் செய்த முதல் அற்புதமே ஒரு கல்யாண வீட்டில். ஆறு கற்சாடி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அந்தக் காலத்து அளவைக் கணக்குப் போட்டால் 500 லிட்டரைத் தாண்டலாம். பந்தியில் திராட்சரசம் தீர்ந்துபோன வீட்டுக்கு அவ்வளவு! (அது வெறும் பழச்சாறு என்று எங்கள் பெரியப்பா கடைசிவரை சாதித்தார். தமிழ் வேதாகமத்தில் 'ரசம்' என்று இருப்பது அவருக்கு நல்ல வசதி.) அனுபவிக்கிறதற்குச் சகல நன்மைகளையும் சம்பூரணமாகக் கொடுக்கிற தேவன் என்று அப்போஸ்தலன் பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே தீமோத்தேயுவுக்கு இன்னொரு கடிதத்தில், கடைசி நாட்களில் மனுஷர் தேவப்பிரியராயிராமல் சுகபோகப்பிரியராய் இருப்பார்கள் என்றும் எழுதுகிறார். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான், அதனால் சுகத்தையே கெட்டது என்று அவர் நினைத்திருக்க முடியாது.

நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்டின் என்ற பிஷப்புக்கு இது நன்றாகத் தெரியும். வாலிபத்தில் ஆடாத ஆட்டமில்லை. நல்லவற்றை நேசிப்பது தப்பில்லை, வரிசை குலைந்து நேசிக்கிறோம் என்பது அவருடைய வாதம். அதே மனுஷன் கோயில் பாட்டின் ராகத்தில் மயங்கி வார்த்தையைக் கோட்டைவிடுகிறேனே என்று அதையும் ஒரு பாவமாக எழுதி வைத்திருக்கிறார். அது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. கீர்த்தனையாவது நிம்மதியாகப் பாடவிடுங்கள் ஐயா.

எனக்குத் தெரிந்த உருப்படியான இன்பம் எங்கள் ஊர் அசனம், கோயிலில் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் விருந்து. முந்தின நாள் ராத்திரியே கோயில் வளாகத்தில் ஐம்பது அறுபது பேர் பாயில் உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டுவார்கள். யார் பணக்காரன், யார் கூலிக்குப் போகிறவன் என்று அந்தப் பாயில் தெரியாது. விடியும்போது அண்டாவில் சாம்பார் கொதிக்கும் வாசனை தெருமுனை வரை வரும். சோற்றைப் பாயில் குவித்து, ஜெபித்து, அப்புறம்தான் பந்தி. எண்ணாகமத்தில் ராத்திரி முழுக்கக் காடை பொறுக்கினவனையும், ராத்திரி முழுக்கக் கத்தரிக்காய் வெட்டினவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேருமே தூங்கவில்லை. ஒருவன் சாப்பிட்டான்.

முத்துநகர் நர்ஸ்

மூன்றாவது பார்சலைப் பிரித்தேன். ஆரஞ்சு நிற சேலை. எனக்கு ஆரஞ்சு பிடிக்கவே பிடிக்காது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, அசனம் எந்த வாரம்?

தாமிரபரணிக்காரன்

வருகிற மாதம் இரண்டாவது வெள்ளி ஐயா. குறள் வாசகரும் வரலாம். ரம்மித் தம்பி, நீ வியாழன் சாயங்காலமே வந்துவிடு, வெட்ட ஆள் பத்தாது. எலக்ட்ரிக் கடை மாமாவையும் கூட்டிக்கொண்டு வா, சீரியல் லைட் கட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ரம்மியை விட்டவன்

வரேன் அண்ணா. வெங்காயம் மட்டும் என் தலையில் கட்டாதீங்க.