நேரில் பார்த்த ரெட் சாக்ஸ் ஆட்டங்கள்: ஷீட்டில் ஒன்றைக் காணோம்

கேள்வி:
வணக்கம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில் நான் நேரில் பார்த்த பேஸ்பால் ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு கூகுள் ஷீட் வைத்திருக்கிறேன். தேதியைப் போட்டால், பழைய பேஸ்பால் ஆட்ட விவரங்களைத் தரும் ரெட்ரோஷீட் தளத்திலிருந்து இறக்கிய ஆட்டப் பட்டியலில் எக்ஸ்லுக்அப் (தேடி எடுக்கும் ஃபார்முலா) தேடி ஸ்கோரை எடுத்துத் தரும். எல்லாம் சரியாக வருகிறது, 2024 ஆகஸ்ட் 26 மட்டும் தகராறு. அன்று டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணியுடன் மதியம் ஒன்று, இரவு ஒன்று பார்த்தேன். இரண்டு வரிசையிலும் இரவு ஆட்டத்தின் ஸ்கோரே நிற்கிறது.

பதில் 1:
எக்ஸ்லுக்அப் முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். பட்டியலில் தேதிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருக்குமே, அதையும் சேர்த்துத் தேடுங்கள். ஒற்றை ஆட்டம் என்றால் 0, ஒரே நாளில் இரண்டு என்றால் 1, 2.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். அந்தத் தேதிக்கு 0 மட்டும்தான் இருக்கிறது.

பதில் 2:
மதியம் நீங்கள் பார்த்தது ஜூன் 26 ஆட்டத்தின் மிச்சம். இரண்டாவது இன்னிங்ஸில் மழை வந்து நிறுத்தினார்கள். நிறுத்தி வைத்த ஆட்டத்தை என்றைக்கு முடித்தாலும் கணக்கு தொடங்கிய நாளில்தான் ஏறும். பட்டியலில் ஜூன் 26-ஐப் பாருங்கள், முடிந்த தேதிக்கென்று தனிக் கட்டமே உண்டு. உங்கள் ஷீட்டில் ‘போன தேதி’, ‘ஆட்டத் தேதி’ என்று இரண்டு கட்டம் வையுங்கள், தேடல் இரண்டாவதில் நடக்கட்டும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆட்டத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்! மழை வந்தபோது டொராண்டோவுக்காக பேட்டிங்கில் நின்றவர் டேனி ஜான்சன். ஜூலையில் அவரை பாஸ்டன் வாங்கிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அவருக்குப் பதிலாக டொராண்டோவின் வார்ஷோ பேட் பிடிக்க, பின்னால் பாஸ்டனின் கேட்சராக (விக்கெட் கீப்பர் மாதிரி) உட்கார்ந்திருந்தவர் அதே ஜான்சன். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் மேஜர் லீக் ஆட்டக்காரர் அவர்தான். அதனால் வீரர் ஷீட்டில் பெயரை மட்டும் வைத்துக் கூட்டாதீர்கள், அணியையும் சேருங்கள்.

பதில் 1:
அப்புறம், பிட்ச்சர்கள் (பந்து வீசுபவர்கள்) வீசிய இன்னிங்ஸை அப்படியே கூட்டுகிறீர்களா? இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், புள்ளிக்குப் பின்னால் இருப்பது மிச்ச அவுட்டுகள்; 5.1 என்றால் ஐந்தும் மூன்றில் ஒன்றும். 5.1, 6.2 இரண்டையும் கூட்டினால் 12, ஷீட் 11.3 என்று காட்டும். அவுட்டுகளாக மாற்றிக் கூட்டி, கடைசியில் மூன்றால் வகுங்கள்.

கேட்டவர்:
ஐயோ, அதையும் தப்பாகத்தான் போட்டிருந்தேன். இப்போது எல்லாம் சரி. மதிய ஆட்டம் 4-1 என்று வந்துவிட்டது, ஜான்சனுக்கு இரண்டு வரிசை. வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் அசையவில்லை. அன்று இரண்டிலுமே தோற்றோம்.