விண்டோஸ் 10 மடிக்கணினியை லினக்ஸுக்கு மாற்றலாமா? பாமினிக் கோப்புகளும் பேஜ்மேக்கரும் உண்டு

மெய்ப்பாளர்

வணக்கம். என்னிடம் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5-7200யு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மடிக்கணினி. ஓடுவது விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலி சொல்கிறது. மற்றபடி கணினியில் ஒரு குறையும் இல்லை.

வேலை தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது. ட்ராக் சேஞ்சஸ் (திருத்தங்களைக் குறித்துக் காட்டும் வசதி) போட்ட வேர்டு கோப்புகள் தினமும் வரும், போகும். பழைய கோப்புகள் பல பாமினி என்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. பழைய பக்க வடிவமைப்புச் செயலியான பேஜ்மேக்கர் 7இன் கோப்புகளும் சில உண்டு. கணக்குக்கு மேக்ரோ எழுதிய எக்செல் ஒன்று. தட்டச்சு தமிழ்99 விசைப்பலகை முறையில், என்எச்எம் ரைட்டர் செயலி வழியாக. பிரிண்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020.

இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்குப் போகலாமா, புதிதாக விண்டோஸ் 11 கணினி வாங்குவதா, இல்லை மேக்புக்கா? போனால் எது உடையும் என்பதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

முனையம்

முதலில் அவசரத்தைக் குறைப்போம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆனால் வீட்டுப் பயனர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் பேட்ச் உண்டு. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். இன்றே செய்துவிடுங்கள். மாறுவதைப் பொறுமையாகச் சோதிக்க அவகாசம் கிடைக்கும்.

உங்கள் கணினியில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இருந்தாலும் பயனில்லை. அது ஏற்கும் செயலகங்களின் பட்டியல் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. நிறுவல் பென்டிரைவ் செய்யும் ரூஃபஸ் செயலி கொண்டு தடையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்ற முடியும்; ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பையும் கையாலேயே ஏற்ற வேண்டியிருக்கும். பிழைப்புக்கான கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

இனி என் கருத்து. இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள், செயலிகளை முதலில் மாற்றுங்கள். லிப்ரேஆபிஸ் (வேர்டு, எக்செல்லுக்கு மாற்று), ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு), ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்டு (மின்னஞ்சல்) எல்லாமே விண்டோஸிலும் ஓடும். இரண்டு வாரம் விண்டோஸுக்குள்ளேயே இவற்றை மட்டும் வைத்து வேலையை முடியுங்கள். எந்தக் கோப்புக்காக மீண்டும் வேர்டையோ எக்செல்லையோ திறக்க வேண்டி வந்தது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால் லினக்ஸில் கஷ்டமே இருக்காது. நாலு வரி இருந்தால் அந்த நாலைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

---

எழுத்துருவன்

தமிழ்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

தமிழ்99. மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் தமிழ் விசைப்பலகைகள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும். அங்கே தமிழ்நெட்99 என்பதைச் சேர்த்துவிட்டு ‘புள்ளி தானாக விழவில்லை’ என்று குழம்புவார்கள். அது விசைக்கு விசை எழுத்தை மாற்றித் தரும் ஏற்பாடு மட்டுமே. முன்னால் அடித்த எழுத்து எதுவென்று பார்த்துப் புள்ளி வைக்கும் விதி அதற்குத் தெரியாது. அதை விட்டுவிடுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 இருக்கும். அஞ்சலுக்குப் பழகியவர்கள் ஃபொனெடிக் எடுக்கலாம், தட்டச்சுப் பொறி முறையும் உண்டு. சோதிக்க மூன்று சொல் போதும்: அம்மா, பந்து, அங்கம். ம-வை இரு முறை அடிக்கையில் முதல் ம-வுக்கும், ந-த, ங-க சேரும்போது ந, ங இரண்டுக்கும் புள்ளி தானாக விழ வேண்டும்.

லிப்ரேஆபிஸில் எழுத்தின் அளவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறாத சிக்கல். யூனிகோட் தமிழை அது சிக்கலான எழுத்து வகையாகத் தனியே கையாளுகிறது. ஸ்டைலில் மேலை எழுத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு வேறு எழுத்துரு, அளவும் தனித்தனி. ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுத்தால்தான் ஸ்டைலில் அந்த இரண்டாவது பகுதி தெரியும்.

லதா, நிர்மலா எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, மின்ட்டில் இருக்காது. நோட்டோ அல்லது லோகித் அந்த இடத்தில் வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரி உடையும், பக்க எண்ணும் நகரும். மெய்ப்புக்குப் பக்க எண் முக்கியம் என்றால், இரு தரப்பும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரே திறந்த எழுத்துருவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு: காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, டைம்ஸுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகல அளவில் மாற்று எழுத்துருக்கள் உண்டு.

பாமினி. பலர் இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். உண்மையில் எளிதாக இடம் மாறுவது இதுதான். பாமினிக் கோப்பில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துக் குறிகள் மட்டுமே, வடிவம்தான் தமிழ். எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறந்து இன்ஸ்டால் கொடுத்தால் பழைய ஆவணம் அப்படியே தெரியும். அடிக்கவும் தனி மென்பொருள் வேண்டாம்: ஆங்கில விசைப்பலகையில் இருந்துகொண்டு பாமினி எழுத்துருவைத் தேர்ந்தால் போதும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. லிப்ரேஆபிஸின் ஆட்டோகரெக்ட், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும். பாமினியில் சிறிய எழுத்து ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்து வேறொன்று. ஆக, நீங்கள் அடித்தது ஒன்று, தாளில் நிற்பது இன்னொன்று. டூல்ஸில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸுக்குப் போய் இவற்றை அணைத்துவிட்டு, அந்தப் பத்திகளின் மொழியை ‘None’ (எதுவும் இல்லை) என்று வையுங்கள். சிவப்புக் கோடுகளும் ஒழியும்.

யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். பாமினிக்கும் ஆங்கிலத்துக்கும் குறிகள் ஒன்றே என்பதால், முழுக் கோப்பையும் மாற்றியில் ஒட்டினால் நடுவில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் மேற்கோள்களும் பொருளற்ற தமிழாகிவிடும். பத்தியை எழுத்துரு வாரியாகப் பிரித்து, பாமினி இட்ட துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஃபார்மட் பொத்தானை அழுத்தி எழுத்துருவைக் கொடுத்துத் தேடினால் அத்துண்டுகள் கிடைக்கும். எண்ணிக்கை அதிகம் என்றால் பைத்தானில் ஓபன்-தமிழ் நூலகம் இருக்கிறது. பழைய குறியேற்றங்களை யூனிகோடாக்கும் பகுதி அதில் உண்டு.

---

பக்கவடிவு

எழுத்துருவன் சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. முனையம் சொல்வது போல இரண்டு வாரச் சோதனையில் எல்லாம் தெரிந்துவிடாது, அங்கேதான் வேறுபடுகிறேன். கோப்பு உங்களோடு நிற்பதில்லை, பதிப்பாளரிடம் திரும்பிப் போகிறது.

ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: அடோபியின் பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனின் கோப்பு வருமா? வரும் என்றால் லினக்ஸை மறந்துவிடுங்கள். இன்டிசைனின் சொந்தக் கோப்பை லினக்ஸில் திருத்தி அதே வடிவில் திருப்பித் தர வழியில்லை. ஐடிஎம்எல் (இன்டிசைனின் பரிமாற்ற வடிவம்) ஆக ஏற்றுமதி செய்து தந்தால் ஸ்கிரைபஸ் திறக்கும், ஆனால் திரும்பிப் போகும் பாதை கிடையாது. அந்த நிலையில் விண்டோஸ் 11 அல்லது மேக்தான். மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. வேர்டும் இன்டிசைனும் நேரடியாக ஓடும். ஆனால் எம் வரிசை மேக்புக்கில் ரேமையோ எஸ்எஸ்டியையோ பிற்பாடு கூட்ட முடியாது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். விண்டோஸில் ஃபார்மட் செய்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது; பொதுவாகப் புழங்கும் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டாக வையுங்கள்.

பேஜ்மேக்கர் 7 கோப்புகளை லிப்ரேஆபிஸ் ட்ரா திறக்கும், ஸ்கிரைபஸின் 1.6 வரிசையும் திறக்கும். உரை கிடைக்கும், பெட்டிகளின் இடமும் பெரும்பாலும் சரியாக வரும். எழுத்திடைவெளியையும் வரி உடைவையும் நம்பாதீர்கள். உரையை மீட்க இது போதும், அதே பக்கங்களை மறு அச்சுக்கு அனுப்பப் போதாது. மறு அச்சுக்கு வரக்கூடிய நூல்களை, விண்டோஸில் பேஜ்மேக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்துருவை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ராக் சேஞ்சஸ் பற்றி: சேர்த்தது, நீக்கியது, கருத்துக் குறிப்பு மூன்றும் டாக்எக்ஸ் வடிவில் போய் வரும். அட்டவணையில் வரிசை சேர்த்தது, பத்தியை இடம் மாற்றியது ஆகியவற்றில் சந்தேகம் வையுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே சிக்கலான கோப்பை லிப்ரேஆபிஸில் திறந்து, இரண்டு திருத்தம் செய்து சேமித்து, வேர்டில் மீண்டும் திறந்து திருத்தங்களை எண்ணிப் பாருங்கள். போய்த் திரும்பி வந்த கோப்பைப் பார்த்தால்தான் அது சோதனை.

---

மெய்ப்பாளர்

மூவருக்கும் நன்றி. இன்டிசைன் கோப்பு வருவதில்லை, வேர்டு மட்டும்தான். ட்ராக் சேஞ்சஸ் கோப்பு ஒன்றை வேர்டுக்கும் லிப்ரேஆபிஸுக்கும் நடுவே அனுப்பிப் பார்த்தேன், எண்ணிக்கை சரியாக வந்தது. எக்செல் மேக்ரோதான் பிழை காட்டுகிறது. அடுத்த கேள்வி: விண்டோஸை அழிக்காமல் மின்ட்டை எப்படி ஏற்றுவது? 256 ஜிபியைப் பாதியாகப் பிரிக்கலாமா?

---

வன்பொருள்வழி

பிரிக்காதீர்கள். 256 ஜிபியில் இரண்டும் நெருக்கடியாகும். தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்துங்கள். விண்டோஸ் டிஸ்க் கழற்றிய நிலையில் மேசை இழுப்பறையில் இருந்தால், திரும்பிப் போக ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். வாங்கும் முன் இருப்பது 2.5 அங்குல சாட்டாவா எம்.2-வா, எம்.2 என்றால் சாட்டாவா என்விஎம்இ-யா என்று உற்பத்தியாளரின் கையேட்டில் பாருங்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் பல கணினிகளில் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது.

இரண்டு இடமும் இருந்து இரண்டு டிஸ்க்கையும் உள்ளேயே வைப்பதானாலும், மின்ட் நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். நிறுவி, நீங்கள் தேர்ந்த டிஸ்க்கை விட்டு முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பகுதியில் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரலை) எழுதிவிடும் வழக்கம் உண்டு.

நிறுவுவதற்கு முன் 8 ஜிபி பென்டிரைவில் மின்ட் 22இன் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு எழுதி, லைவ் ஆக (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) பூட் செய்யுங்கள். எழுதும் முன், கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 தொகையைச் சரிபாருங்கள். பாதி இறங்கிய ஐஎஸ்ஓ நிறுவலின் நடுவில்தான் முகத்தைக் காட்டும். லைவில் பார்க்க வேண்டியவை: வைஃபை, ஒலி, மைக், கேமரா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, வெளி மானிட்டர். பிராட்காம் வைஃபை என்றால் டிரைவர் தனியாக இறக்க வேண்டி வரும். அதுவரை போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்தால் நெட் கிடைக்கும். கைரேகை சென்சார் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

லைவில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) சாட்டா முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி-யில் இருக்கும். ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் பழைய விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் தேர்ந்து, மறுதொடக்கத்தில் பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை உள்ளே போய், பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிடுங்கள்.

பயாஸைத் தொடும் முன், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்பு விசையைத் தாளில் எழுதி வைப்பது கட்டாயம். ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் டிஸ்க்கை மின்ட்டிலிருந்து படிக்கப் போகிறீர்கள் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள். இல்லாவிட்டால் அது உறக்க நிலையில் விட்ட டிஸ்க்கில் எழுத முடியாது.

லேசர்ஜெட் 1020 மின்ட்டில் அச்சடிக்கும். அதன் ஃபர்ம்வேர் பிரிண்டருக்குள் தங்குவதில்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி அனுப்ப வேண்டும். ஹெச்பியின் எச்பிலிப் தொகுப்போடு அதன் பிளகினையும் நிறுவினால் அது நடக்கும். எச்பிலிப் அப்டேட் ஆன பிறகு பிரிண்டர் மௌனமானால், புதிய பதிப்புக்கான பிளகினை மறுபடி நிறுவுங்கள். பதிப்பு எண் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

---

முனையம்

எக்செல் பற்றி. செல், தாள் அளவில் எழுதிய விபிஏ (எக்செல்லின் நிரல்மொழி) மேக்ரோ லிப்ரேஆபிஸில் பெரும்பாலும் ஓடும். யூசர்ஃபார்ம் தடுமாறும். ஆக்டிவ்எக்ஸ், விண்டோஸ் டிஎல்எல் அழைப்பு, பவர் க்வெரி இருந்தால் ஓடாது. பிழை எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். வெறும் கூட்டல், வடிகட்டல் என்றால் மேக்ரோவை எடுத்துவிட்டுச் சூத்திரமாகவே எழுதிவிடலாம்.

அது முடியாவிட்டால் மின்ட்டுக்குள் மெய்நிகர் கணினியில் விண்டோஸ் வையுங்கள். பயாஸில் விடி-எக்ஸ் என்ற மெய்நிகராக்க வசதியை இயக்கி, 4 ஜிபி ரேமும் 50 ஜிபி இடமும் ஒதுக்கினால் எக்செல்லும் பேஜ்மேக்கரும் ஓடும். மொத்தம் 8 ஜிபிதான் என்பதால் அந்த நேரத்தில் பிரவுசரை மூடி வைக்க வேண்டியிருக்கும். ஸ்லாட் இருந்தால் 16 ஆக்குங்கள். பேட்ச் நின்ற விண்டோஸ் 10ஐ அதில் வைத்தால் அதன் நெட்வொர்க் அடாப்டரை நீக்கிவிட்டு, பகிர்ந்த கோப்புறை வழியாக மட்டும் கோப்பைப் பரிமாறுங்கள்.

பக்கவடிவு சொன்ன பேஜ்மேக்கர் பிடிஎஃப் வேலையை முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு டிஸ்க்கைக் கழற்றுங்கள்.