கிரிட்டேசியஸ் காலத்துல (சுமார் 14.5 - 6.6 கோடி வருஷம் முன்னாடி) கடல்தரை நிஜமாவே வேகமா உருவாச்சா?

காரைக்கல்: போன வாரம் பெரம்பலூர் பக்கம் காரைங்கற ஊருக்குப் போயிருந்தேன், ஓடை முழுக்க ஜிப்சம் மினுமினுக்குது, மண்ணுல பெலம்னைட் (கணவாய் மாதிரி கடல் உயிரோட புதைபடிவம்) ஒன்னு கிடந்துச்சு, அச்சு அசல் துப்பாக்கித் தோட்டா. 10 கோடி வருஷம் முன்னாடி அங்க கடல். ஏன்? நடுக்கடல் முகடுகள் (கடலடியில எரிகுழம்பு வெளிவந்து புதுத்தரை ஆகற மலைத்தொடர்) வேகமா புதுத்தரை போட்டுச்சு, புதுத்தரை சூடா உப்பி நிக்கும், தண்ணிக்கு இடம் பத்தாம கரையேறிடுச்சு. 12 கோடி வருஷம் முன்னாடி கடல் ஓடு உற்பத்தி 50 - 75 சதவீதம் எகிறுச்சுன்னு புவியியல் ஆய்வாளர் ராஜர் லார்சன் 1991லயே சொல்லிட்டாரு.

தெக்கத்திக்காத்து: காரைய இழுக்காதீங்க ப்ரோ, காவிரிப் படுகை கண்டம் உடைஞ்சப்போ தானா அமுங்குன பள்ளம், அதை வெச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுதக்கூடாது. தரை உறையறப்போ பூமியோட காந்தப்புலத் திசை அதுல பதிஞ்சிடும், புலம் புரளப் புரள பட்டை பட்டையா மாறும்; கடல்தரை வயசை அந்தக் காந்தப் பட்டைய எண்ணித்தான் பார்க்கறாங்க, ஆனா 12.1 கோடில இருந்து 8.3 கோடி வருஷம் முன்னாடி வரைக்கும் காந்தப்புலம் புரளவே இல்ல, பட்டையும் இல்ல. அந்த இடைவெளியோட ரெண்டு முனைத் தேதி கொஞ்சம் நகர்ந்தாலே உங்க வேகம் காலி. புவியியல் ஆய்வாளர் டேவிட் ரௌலி 2002ல போட்ட கணக்குல 18 கோடி வருஷமா உற்பத்தி ஒரே அளவுதான், வருஷத்துக்கு சுமார் 3.4 சதுர கிலோமீட்டர்.

காரைக்கல்: அது மிச்சம் இருக்கற தரைய வெச்சுப் போட்டதுதானே?? பசிபிக்ல இருந்த இசானாகி தட்டு (பூமி ஓட்டோட பெரிய துண்டு) ஆசியாவுக்கு அடியில போயே போச்சு, ஃபரல்லான் தட்டுல கோகோஸ், நாஸ்கான்னு துண்டுதான் மிச்சம். கணக்கு நோட்டுல பாதிப் பக்கத்தைக் கிழிச்சிட்டு செலவு மாறலன்னா எப்படி?

தெக்கத்திக்காத்து: அதே கிழிஞ்ச நோட்டுதானே உங்க கையிலயும். அந்தப் பக்கத்துல பெரிய தொகை இருந்துச்சுன்னு எங்க படிச்சீங்க 😄

காரைக்கல்: பசிபிக் தட்டுல ஒரு பாதி இருக்கே, முகட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாத்தான் விரியும், கண்ணாடி மாதிரி மறுபாதிய போட்டுக்கலாம்.

தெக்கத்திக்காத்து: முகட்டோட சேர்த்து ரெண்டு பாதியும் முழுங்கப்பட்ட இடத்துக்கு எந்தக் கண்ணாடி?

ஆழ்கடல் அண்ணாச்சி: தம்பிகளா, அழியாம கிடக்கற காலத்தைப் பாருங்கப்பா. 2022ல கொலீன் டால்டனோட ஆய்வுக் குழு 18 முகடு பார்த்துச்சு, 1.5 கோடி வருஷத்துல உலக சராசரி வேகம் சுமார் 35 சதவீதம் குறைஞ்சிருக்கு. எல்லாம் குறையல, சிலது கூடியிருக்கு, கிழக்கு பசிபிக்லதான் பெரிய சரிவு. இந்தக் கொஞ்ச காலத்துலயே இப்படின்னா 18 கோடிக்கும் நேர்கோடு போடறது கஷ்டம்.

தெக்கத்திக்காத்து: சரி அண்ணாச்சி, மாறவே இல்லங்கறதை வாபஸ் வாங்கிக்கறேன். அவரு அந்த 75ஐ வாபஸ் வாங்கட்டும்.

காரைக்கல்: 50 வரைக்கும் இறங்கி வரேன், அதுக்குக் கீழ கட்டுபடியாகாது.