தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வரவில்லை (47 வயசு, மும்பை செம்பூர்)

செம்பூர்_லலிதா:

எல்லோருக்கும் வணக்கம். போன மாசம் மாட்டுங்காவில் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி, பாட்டுப் பாடி முடித்து எல்லோரும் பாயிலிருந்து எழுந்தார்கள். எனக்கு மட்டும் எழுந்திருக்க வரவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒருக்களித்து முட்டி போட்டு, பக்கத்திலிருந்த பீரோவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு 74 வயசு. தொடையில் ஒரு கையை வைத்து ஒரே மூச்சில் எழுந்து தாம்பூலப் பை கொடுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

காலை 5.15க்கு எழுந்து மூன்று டப்பா கட்டி, 8.12 லோக்கல் ரயிலைப் பிடித்து சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் இறங்கி ஃபோர்ட் பகுதியில் ஆபீஸ். கணக்குப் பிரிவு, மாலை 6 வரை நாற்காலியை விட்டு நகர்வது அபூர்வம். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. இரண்டு வருஷமாக டயமண்ட் கார்டனில் வாரத்துக்கு நாலைந்து நாள் அரை மணி நேரம் நடக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவும் வருவார், பேசிக்கொண்டே சுற்றுவோம். எடை 68 கிலோவில் அப்படியே நிற்கிறது. உயரம் 156 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 94. மூன்று மாசச் சராசரி சர்க்கரை 6.1. "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, எல்லையில் இருக்கிறீர்கள்" என்றார் டாக்டர். மாதவிலக்கு ஒழுங்கு தவறி ஒரு வருஷமாகிறது, பாதி நாள் ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

ஜிம்மிலும் சேர்ந்து பார்த்தேன். முதல் வாரமே குதிக்கச் சொன்னார்கள். இடது முட்டி வீங்கி 19வது நாள் நின்றுவிட்டேன். ஒரு வருஷப் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மாமியாரைக் கடைசி நாலு வருஷம் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்தது நான்தான். அந்தச் சுமை என் மகளுக்கு வரக்கூடாது. நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். இந்த வயசில், இந்த முட்டியோடு எங்கிருந்து ஆரம்பிப்பது?

டோம்பிவிலி_ரகு:

வணக்கம்மா. எனக்கு 51. சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆபீசில் ஒரு நாளைக்கு ஐந்து கட்டிங் டீ (அரை டம்ளர் டீ) குடிப்பேன், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு ஸ்பூன் சர்க்கரை. அதை இரண்டாக்கி, சர்க்கரையையும் விட்டேன். முதல் பத்து நாள் கஷ்டமாக இருந்தது, அப்புறம் நாக்கு பழகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டையும் 9.45லிருந்து 8.15க்கு மாற்றினேன். எட்டு மாசத்தில் 5 கிலோ குறைந்தது.

வாஷி_காமாட்சி:

லலிதா, எனக்கு 58. உன்னை விட 11 வயசு பெரியவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்டது எல்லாம் எனக்கு 49 வயசில் நடந்தது. ஜூலை மழையில் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. சும்மா கை ஊன்றி விழுந்ததற்கே எலும்பு போய்விட்டது. டாக்டர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று வந்தது. "நான் தினம் நடக்கிறேனே டாக்டர்" என்றேன். "நடை இதயத்துக்கு நல்லது. உங்கள் தொடைக்கு யார் வேலை கொடுப்பது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் உனக்கும். 30 வயசுக்கு மேல் சும்மா இருந்தால் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை போய்விடுகிறது. மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பும் வேகமாகத் தேயும், கொழுப்பு இடுப்பில் வந்து சேரும். நாம் சாப்பிடும் சர்க்கரையைப் பெரும்பங்கு வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அது ரத்தத்திலேயே நிற்கிறது. உன் 6.1க்கும், பாயிலிருந்து எழ முடியாததற்கும், இடுப்பு 94க்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். அரட்டையோடு நடக்கும் நடை தொடைக்குப் போதாது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சுவரை ஒட்டிச் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அதன் மேல் இரண்டு தலையணை. கையை மார்பில் கட்டிக்கொண்டு, மூன்று எண்ணி மெல்ல உட்கார வேண்டும், தலையணை தொட்டதும் எழ வேண்டும். எட்டு தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரம் மூன்று நாள். மூச்சை அடக்கக்கூடாது, எழும்போது வெளியே விட வேண்டும். முட்டி உள்பக்கம் சாயாமல் கால் விரல் போகும் திசையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்ததும் ஒரு தலையணையை எடுத்துவிடு. இரண்டும் போன பிறகு 2 கிலோ துவரம்பருப்புப் பையை மார்போடு அணைத்துக்கொள். பிள்ளையார் முன்னால் நாம் போட்ட தோப்புக்கரணம்தான் இது, பாதி தூரம் வரை.

எனக்கு நாற்காலியிலிருந்து தரைக்கு வர ஏழு மாசம் ஆனது. நடுவில் மணை, அதன் மேல் மடித்த போர்வை என்று ஒவ்வொரு படியாக இறங்கினேன். பால் காயும்வரை மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவேன். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பேன், முதலில் 6 வினாடிதான் நிற்க முடிந்தது. இவற்றுக்குத் தனி நேரம் தேவைப்படவில்லை.

உன் பக்கத்திலேயே சேடா நகர் முருகன் கோயில் இருக்கிறது. நூறு படிக்கு மேல். முட்டி வீக்கம் அடங்கிய பிறகு வாரம் ஒரு நாள் ஏறு. இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும், ஏனென்றால் உடம்பின் கனத்தைத் தொடை தாங்கிப் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும். கைப்பிடியை விடாதே, வெட்கப்படவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம், உனக்கு 56 கிராம். நான் ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். காலை மூன்று இட்லி, மதியம் மூன்று சப்பாத்தி, காய், கொஞ்சம் தயிர், ராத்திரி ரசம் சாதம். 35 கிராம்கூட வரவில்லை. வயிறு நிறைந்தது, தசைக்கு எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம் வாரம் இரண்டு நாள் ராத்திரிக்கு அடை. அரிசியைக் குறைத்து, பருப்பு இரண்டு பங்கு போட்டு அரைப்பேன். மாலை 4 மணிக்கு டப்பாவில் சுண்டல். 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 10 கிராம் புரதம் வரும். 50 கிராம் பனீரில் 9. ஒரு டம்ளர் பாலில் 6. காலையில் கேழ்வரகுக் கஞ்சி எலும்புக்கு. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாதே, வீட்டில் சண்டை வரும். ஒரு வாரத்துக்கு ஒன்று மாற்று.

இன்னொன்று. ராத்திரி சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிஷம் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே நட. வேலை செய்யும் தசை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

முலுண்ட்_பிசியோ:

காமாட்சி அம்மா சொன்னது சரி. என்னிடம் முட்டி வலியோடு வரும் 45 வயசுக்காரர்களில் பாதிப் பேர் நடைக்காரர்கள்தான். சிலவற்றைச் சேர்க்கிறேன்.

லலிதா அக்கா, முட்டி இன்னும் வீங்கியிருந்தால், பாதியில் மாட்டிக்கொண்டால், அல்லது காலை ஊன்றும்போது மடங்கிப்போனால் முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். வீக்கம் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் பயிற்சி செய்யலாம். செய்யும்போது லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் சொல்கிறது. முதல் பாதியை எல்லோரும் கேட்டிருப்பார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். மிதமான நடை என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அக்காவோடு பேசுகிற சுற்று இரண்டு, வேகமான சுற்று மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆனால் நோய். நீங்கள் திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் இருக்கிறீர்கள். எடையைவிட இடுப்பளவைக் கவனியுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். ரத்தக்குறைவோடு பயிற்சி செய்து "எனக்கு உடம்பே தாங்கவில்லை" என்று விட்டவர்கள் நிறையப் பேர். மார்பில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்தி, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

செம்பூர்_லலிதா:

11 வாரம் கழித்து எழுதுகிறேன்.

டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 9.8. காரணத்தையும் பார்த்து மாத்திரை கொடுத்தார். மாலையானால் வரும் அந்த அசதிக்கு இவ்வளவு நாள் என் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நினைத்து மனசுக்குள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். முட்டியில் தேய்மானம் லேசாகத்தான் இருக்கிறதாம், பயிற்சிக்குத் தடையில்லை.

இரண்டு தலையணையும் போய்விட்டது. இப்போது நாற்காலியில் 12 தடவை, மூன்று முறை. பருப்புப் பை இன்னும் எடுக்கவில்லை. எடை 66.5. இடுப்பு 91. சர்க்கரை டெஸ்ட் அடுத்த மாசம். தூக்கம் முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் பயிற்சி செய்த நாளில் 3 மணி விழிப்பு வருவதில்லை. சுண்டல் டப்பாவைப் பார்த்து லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் இரண்டு பேர் ஊற வைக்கிற முறை கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார். ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். குக்கர் விசில் அடித்தது, நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அம்மா கீரையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒரு கைதான் ஊன்றினே" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கோயில் படி இன்னும் ஏறவில்லை. மழை ஆரம்பிக்கப் போகிறது, வெறுங்காலோடு ஈரப்படியில் போகப் பயமாக இருக்கிறது. மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள் அக்கா?

வாஷி_காமாட்சி:

படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, லலிதா.

மழை நாளில் கோயில் படி வேண்டாம். உங்கள் கட்டடத்திலேயே மூன்று மாடி இருக்கிறதே, லிஃப்டை விட்டு ஏறு, இறங்குவதற்கு லிஃப்ட் எடுத்துக்கொள். ஸ்டேஷனுக்குப் போகும்போது, அடிப்பக்க வரி தேயாத ரப்பர் செருப்பு போடு. என்னை வழுக்கிவிட்டது தேய்ந்த செருப்புதான்.

கோயிலுக்கு முதல் தடவை தனியாகப் போகாதே. வர்ற சனிக்கிழமை மழை இல்லையென்றால் காலை 6.30க்குப் படிக்கட்டுக்குக் கீழே நில், நான் வாஷியிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வந்துவிடுகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.